ஓமனில் மூன்று நாள், ராயபுரத்தில் மூன்று நாள்

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போக பாஸ்போர்ட் தேவையில்லை. நான் எடுத்துக்கொண்டுதான் போனேன். சட்டைப் பையில் அது விறைப்பாக நின்றுகொண்டு, ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாவின் தோளை இரண்டு தடவை குத்தியது. "நெஞ்சுல இன்னாத்துக்கு நைனா பலகய வச்சிகினு வர்ற?" என்று கேட்டார். வெளிநாடு போகிறேன் என்றேன். அவர் எட்டி ஆட்டோவின் நெற்றியில் எழுதியிருந்ததைப் பார்த்தார். திருவொற்றியூர் என்று இருந்தது. அதன் பிறகு இறங்கும்வரை என்னோடு அவர் பேசவில்லை.

நான் வெல்டர். திருவொற்றியூரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பதினாறு வருடமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஓமனில் ஒரு கப்பல் பட்டறையில் இரண்டு வருட வேலை இருப்பதாக எண்ணூரில் ஒரு ஏஜென்ட் சொன்னார். திங்கட்கிழமை டெஸ்ட். தேறினால் சனிக்கிழமை மாலைக்குள் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் போகிறேன், கொடுக்காவிட்டால் போகவில்லை.

இதில் சிக்கல் என் அப்பாவின் எடைதான். துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து டன் டன்னாகச் சரக்கை ஒரு கைப்பிடியால் தூக்கிக் கரையில் வைத்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன் இடது பக்கம் செயலிழந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, மறுபடி கட்டிலுக்கு அவரைத் தூக்குவது நான். மாலையிலும் நான். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. என்னைப் பார்த்தபிறகு அடுத்த பிள்ளை வேண்டாமென்று முடிவெடுத்ததாக, வாய் நன்றாக இருந்த காலத்தில் அப்பா சொல்வார்.

டெஸ்டுக்கு முந்தின நாள் ஃபாதர் அமலிடம் போனேன். எங்கள் கோயிலில் உதவிப் பங்குத்தந்தை. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து பெஞ்ச். பத்தாவதோடு நான் பட்டறைக்குப் போனேன், அவர் குருமடத்துக்குப் போனார். இரண்டு பேருமே கணக்குக்குப் பயந்து ஓடியவர்கள்தான். அவர் ஓடிய இடத்துக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்.

கடவுளுக்கு என்னதான் வேண்டும், நீயே கேட்டுச் சொல் என்றேன். "உன் கேசுக்கெல்லாம் எனக்கு போன் வராது ஸ்டீபன்" என்றார். அப்படியானால் இரண்டு சீட்டு எழுதி மாதா முன்னால் போட்டு எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் திருவுளச்சீட்டு போடாமல் தாலி கட்டியவர்களே குறைவு. அமல் சிரிக்கவில்லை. "எட்டாவதுல லீடர் எடுக்கறப்ப ரெண்டு சீட்டுலயும் உன் பேரயே எழுதினவன்டா நீ" என்றார்.

பிறகு ஒரு பழைய முறையைச் சொல்லிக்கொடுத்தார். மூன்று நாள் போவதாக முடிவெடுத்தவனாக வாழ வேண்டும். அடுத்த மூன்று நாள் போகாதவனாக வாழ வேண்டும். தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, மனம் எங்கே இருந்தது என்று மூன்று வரி எழுத வேண்டும். எதில் சுகம் என்று பார்க்காதே, எதில் அமைதி என்று பார் என்றார். இரண்டும் வேறா என்று கேட்டேன். வேறதான் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "இதெல்லாம் மனசுக்குள்ள. யாராண்டயும் சொல்லாத."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் சரியாகக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

திங்கள். ஓமனில் முதல் நாள். திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ எங்களைக் கொட்டிவிட்டுப் போக, எண்ணூர் பஸ் வந்தது. வந்ததே தவிர நகரவில்லை. முன்னால் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டு நின்றன. டிரைவர்களில் ஒருவர் இறங்கி, லாரியின் நிழலில் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுபடி ஏறினார். அவ்வளவு நேரமும் எங்கள் பஸ்ஸின் சக்கரம் ஒரு சுற்று சுற்றவில்லை. ராயபுரத்தில் கடலுக்கு ஒரே வாசனைதான். மீன். எண்ணூர்ச் சாலையில் ஸ்டாப்புக்கு ஸ்டாப் வாசனை மாறும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எங்கே இறங்க வேண்டும் என்று மூக்கு சொல்லிவிடும்.

டெஸ்ட் ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. இரண்டு இரும்புத் தகடுகளை ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதை மிஷினில் வைத்து வளைப்பார்கள். ஒட்டிய இடம் பிளக்காவிட்டால் பாஸ். என்னுடையது பிளக்கவில்லை. ஏஜென்ட் ஆபீஸ் ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே அந்தக் கடையில் இறால் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே முழு இறால். நான்கு தின்றேன். வெளிநாடு போகிறவன் என்ற நினைப்பிலேயே ருசி கூடுகிறது. எல்லாவற்றையும் கடைசி முறையாகத் தின்பதுபோல் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் என் பின்னால் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு வடநாட்டுத் தொழிலாளி போனில் பேசிக்கொண்டு வந்தார். பட்டறையில் பழகிய இந்தியில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. சாப்பிட்டேன் அம்மா. சோறுதான். இல்லை, இங்கே குளிரே கிடையாது. கடலா? பக்கத்தில்தான் இருக்கிறதாம். இன்னும் பார்க்கவில்லை.

கடல் அப்போது எங்கள் இடது ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வலது பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார். திருப்பிவிடலாமா என்று நினைத்தேன். எனக்கு ஓமன் எப்படியோ அப்படி அவருக்கு எண்ணூர், அவர் வீட்டுக்குச் சொல்லும் கணக்கை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் அந்தத் தப்பைச் செய்தேன். போகிறவனாக வாழ வேண்டும் என்றால் முழுதாக வாழ வேண்டாமா? செருப்பைக் கழற்றிக்கொண்டே "அம்மா, போறதுன்னு முடிவு பண்ட்டேன்" என்றேன். அமலின் மூன்று நாள் கணக்கையும் சேர்த்துத்தான் சொன்னேன். முதல் பாதி காதில் விழுந்ததும் அம்மா முட்டி வலியை மறந்துவிட்டாள். நான் காலைக் கழுவி முடிப்பதற்குள் வாசலில் அவள் செருப்பைக் காணவில்லை.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம். குழந்தை பிறந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் உயிரோடு வந்தால், வேலை கிடைத்தால் கோயில் ஆபீசில் பூசைக் கருத்து எழுதிவைப்பார்கள். ஞாயிறு பூசைக்கு முன் மைக்கில் வாசிப்பார்கள். ராயபுரத்தில் ஒரு செய்தி உண்மையாவது அப்போதுதான். அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதிவைத்துவிட்டு வந்தாள். ஓமனில் வேலை கிடைத்ததற்கு நன்றியாக. "இது சொம்மா ட்ரையல்மா" என்றேன். "ஆண்டவரு கொடுக்கறத ட்ரையல்னு சொல்லாதடா" என்றாள். அப்பா கட்டிலில் படுத்தபடி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டில் எழுதினேன்: சந்தோஷம். வடை நன்றாக இருந்தது.

செவ்வாய். காலையில் அப்பாவைத் தூக்கப் போனவனை அம்மா தடுத்தாள். "நீ பூட்டா நான்தானே பாக்கணும். இப்பவே பயகிக்கறேன், நீ கெளம்பு" என்றாள். அப்பாவும் போ என்று வலது கையை ஆட்டினார். விதிப்படி நான் ஓமனில் இருக்கிறேன். சூட்கேஸ் வாங்க வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பினேன்.

ஆடி மாதம் இல்லாவிட்டாலும் வண்ணாரப்பேட்டையில் தினமும் ஆடித் தள்ளுபடிக் கூட்டம்தான். ஒரு கல்யாணக் குடும்பம் மொத்தமாகப் புடவை மூட்டையோடு எதிரே வந்து என்னைத் திரும்ப முந்தின தெரு முனைக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. சூட்கேஸ் கடை பாய் எனக்கு ஒரு பெட்டியைக் காட்டி, கலரைப் பார்க்காதே, சக்கரத்தைப் பார் என்றார். போகும்போது எவனுக்கும் பெட்டி கனப்பதில்லை, வரும்போதுதான் கனக்கும், அதைத் தாங்க வேண்டும் என்றார். அவருடைய அண்ணன் சவுதியில் இருபது வருடம் இருந்தவராம். இப்போது எங்கே என்று கேட்டேன். கடையின் மூலையில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்ணால் காட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார். உள்ளே ஒன்றும் இல்லை அண்ணா என்று திறந்தே காட்டினேன். "ஒண்ணும் இல்லாதத இன்னாத்துக்குப்பா இவ்ளோ தூரம் இய்த்துகினு போற?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்கி நடக்கும்போதும் அந்தக் கேள்வி சக்கரத்தில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது.

வீட்டில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில். அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். அம்மா அவர் தோளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டீயில் ஊறிய பொறை.

"எவ்ளோ நேரமா கீறீங்க இப்டி?"

அம்மா நிமிரவில்லை. "கீழதான் காத்து நல்லா வருது."

காலை பத்து மணியிலிருந்து என்று பிறகு தெரிந்தது. அப்போது மணி ஒன்றரை. தூக்கும்போது முட்டி மடங்கி இருவரும் மெதுவாகச் சரிந்திருக்கிறார்கள். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்றேன். "நான் கூப்புடறேன்னுதான் சொன்னேன். இவுருதான் வாணாம்னு கைய புடிச்சிகினாரு" என்றாள் அம்மா. அப்பா என்னைப் பார்க்காமல் சூட்கேஸைப் பார்த்தார். "வீலு... நல்லாகீதா?" என்று கேட்டார்.

சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். விதிப்படி நான் அங்கே இல்லை. பிறகு ஓமனிலிருந்து இரண்டு எட்டில் திரும்பி வந்து அவரைத் தூக்கினேன். வேட்டி ஈரமாக இருந்தது.

நோட்டு: பெட்டி நல்ல பெட்டி. மற்றது எழுத வரவில்லை.

புதன். எர்ணாவூர். என்னோடு பட்டறையில் இருந்த டேவிட் ஒரு வருடமாக ஓமனில் இருக்கிறான். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று அவன் மனைவி ரெஜினாவிடம் கேட்கப் போனேன். குடியிருப்பில் ஏழாவது மாடி. லிஃப்ட் அன்றைக்கு லீவு. நான்காவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது தண்ணீர்க் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "புதுசா? ஒரு மாசத்துல பயகிடும்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

ரெஜினா காரப்பொடி மீன் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் வீட்டுக் குழம்பைவிடப் புளி தூக்கல், ஆனால் குற்றம் சொல்ல முடியாத குழம்பு. அவளுடைய மூன்று வயதுப் பெண் தரையில் கிடந்த போனைக் காட்டி "அப்பா தூங்குது" என்றது. போனில் சார்ஜ் இல்லை. ஒயரை மாட்டியதும் அப்பா எழுந்தார். டேவிட் வீடியோவில் ஏசியைக் காட்டினான், கட்டிலைக் காட்டினான், ஜன்னலைக் காட்டினான். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல் தெரிந்தது. "வா மச்சி, இங்க சொர்க்கம்" என்றான். கன்னம் ஒட்டி இளைத்திருந்தான். எப்படிச் சமாளிக்கிறாய் என்று ரெஜினாவைக் கேட்டேன். "பாத்துக்கறோம் அண்ணா, இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நெத்திலிக் கருவாடு. நான்கு சுற்று பேப்பர், மூன்று சுற்று பிளாஸ்டிக். டேவிட்டுக்கு நான்தான் கொண்டுபோக வேண்டும். திரும்பும் ஷேர் ஆட்டோவில் ஏழு சுற்றையும் மீறி வாசனை வந்தது. எல்லோரும் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். என் வாழ்க்கையில் ஷேர் ஆட்டோவில் தாராளமாகக் கால் நீட்டி வந்தது அன்றைக்குத்தான்.

வியாழன். இன்றிலிருந்து நான் போகாதவன். இது எனக்கு மட்டும்தான் தெரியும். தெருவுக்குத் தெரியாது. தண்ணீர் லாரியிடம் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். ஒருவர் ஓமனில் தன் மச்சானுக்கும் வேலை பார்க்கச் சொன்னார். இன்னொருவர் வரும்போது வாசனை பாட்டில் வேண்டும் என்றார். நான் எல்லோருக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டே போகாதவனாக பட்டறைக்குப் போனேன். வழியில் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். நானும் இரண்டு பேரும் தள்ள, ஒருவர் மட்டும் உள்ளேயே உட்கார்ந்து செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். இறங்கச் சொன்னால், "நான் கூலி ஆளு, எனுக்கு டயர்டா கீது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் அவர் முதலில் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அப்பாவுக்கு முகச்சவரம் செய்தேன். மூன்று நாளாக நான் தொடாத முகம். செயலிழந்த பக்கம் தோல் தொங்குவதால் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். அந்தக் கால் மணி நேரம் மனம் அடங்கி இருந்தது உண்மை. அமல் சொன்னது இதுதானோ என்று பிளேடைக் கழுவிக்கொண்டே நினைத்தேன். அப்போது வாசலில் அம்மா யாரிடமோ "எம் புள்ள கப்பல் வேலைக்கு..." என்று ஆரம்பித்தாள். மூக்கிலிருந்து நெற்றிவரை கோபம் ஏறியது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது.

வெள்ளி. அந்தக் கோபம் காலையில் விழித்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. தூக்கும்போது அப்பாவின் வலது கை என் கழுத்திலிருந்து நழுவியது. "ஒயுங்கா புடி நைனா" என்று கத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்பனும் நைனா, மகனும் நைனா, ஆகவே அதில் ஒன்றும் இல்லை. நான் கத்திய சத்தத்தில்தான் இருந்தது. அப்பா "சாரி" என்றார். ஒன்றரை வருடத்தில் அவர் தடங்கல் இல்லாமல் முழுதாகச் சொன்ன சொல் அது.

சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு அமலிடம் போனேன். அவருக்குக் காலையிலிருந்து இரண்டு அடக்கம், ஒரு கல்யாணப் பேச்சு. அங்கியின் கழுத்து பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் சரிந்திருந்தார். மூன்று நாள் சந்தோஷமும் திருட்டு முழியுமாக இருந்தேன், இரண்டு நாள் அமைதியும் கோபமுமாக இருக்கிறேன், இதில் கடவுள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டினார். வடை பற்றிய வரியை இரண்டு தடவை படித்தார்.

"தெரியல ஸ்டீபன்" என்றார். "நானும் குருமடத்துக்குப் போறதுக்கு முன்னாடி இதே மாதிரி ஆறு நாள் இருந்து பாத்தேன். ஆறாவது நாளும் ஒண்ணும் தெரியல. பஸ்ஸு வந்துச்சி. ஏறிட்டேன்."

எழுதிய பூசைக் கருத்தையாவது அடித்துவிடு என்றேன். அது மட்டும் முடியாது, ரிஜிஸ்டரில் எழுதியதை அடித்தால் பெரிய ஃபாதர் அடிப்பார் என்றார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். எட்டாம் வகுப்பில் வெளியே நிற்க வைத்தபோது நின்ற மாதிரியே இருந்தது.

சனி. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்தபோது அப்பா "நானும்... வரேன்" என்றார். எங்கே என்றேன். "எண்ணூரு." ஒன்றரை வருடமாக ஆஸ்பத்திரி தவிர எங்கும் போகாத மனிதர். அம்மா வேண்டாம் என்றாள். அவர் வலது கையால் சட்டை பட்டனைப் போட ஆரம்பித்தார். ஐந்து பட்டன் போட்டு முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போக வைத்திருந்த வீல்சேரை மடித்து, எண்ணூர்வரை போகும் ஷேர் ஆட்டோவின் பின்னால் கயிற்றால் கட்டினோம். இது பாசஞ்சரா லக்கேஜா என்று டிரைவர் கேட்டார். அப்பாவைத் தூக்கி உள்ளே வைத்தேன், இரண்டு பெண்களுக்கு நடுவில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் ஒருவர் மேல் சாய, அவர்கள் மாறி மாறி நிமிர்த்தி வைத்தார்கள். எண்ணூர்ச் சாலையில் வழக்கம்போல லாரிகள் நின்றன. எனக்கு அது ட்ராஃபிக். அப்பாவுக்கு அது திருவிழா. கன்டெய்னர்களைப் பார்த்துக்கொண்டு இது பழைய பெட்டி, இது இருபதடி, இதில் கூலர் ஓடுகிறது என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வலது பக்கம் கடலில் மூன்று கப்பல்கள் துறைமுகத்துக்குள் வர முறை பார்த்துக் காத்திருந்தன. கண் மறையும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டீக்கடையில் அப்பாவின் வீல்சேரை நிழலில் நிறுத்தி, இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். நொறுங்கியதை வாயின் நல்ல பக்கமாக ஊட்டிவிட்டேன். மேலே போகப் படிகள் பதினேழு. அவரைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. இங்கேயே இரு, கொடுத்துவிட்டோ கொடுக்காமலோ வந்துவிடுகிறேன் என்று எழுந்தேன்.

அவர் வலது கை என் சட்டைப் பையைப் பிடித்தது, பாஸ்போர்ட்டோடு சேர்த்து.

"குந்து."

உட்கார்ந்தேன்.

"நானும்... மூணு நாளு... பாத்தேன்."

"இன்னாத்த நைனா?"

"நீ... இல்லாத மாரி." வாயில் ஒட்டியிருந்த துணுக்கை நாக்கால் தேடினார். "அன்னிக்கி... கீய விய்ந்தப்போ... பக்கத்து வூட்ட... கூப்புட வாணாம்னனே. இர்ந்து பாக்கலாம்னு." அடுத்த சொல்லுக்கு நிறைய நேரம் பிடித்தது. ஒரு லாரி வந்து, ஹாரன் அடித்து, கடந்து போனது.

"முடில, நைனா."

ஆறு நாளாக நான் பார்த்த அத்தனை பேரும் எனக்கு ஒரே பொய்யை அன்பாகச் சொன்னார்கள். அம்மா பழகிக்கொள்வேன் என்றாள். ரெஜினா பார்த்துக்கொள்கிறோம் என்றாள். டேவிட் சொர்க்கம் என்றான். பஸ்ஸில் வந்தவர் சாப்பிட்டேன் அம்மா என்றார். நானும்தான், கை கொடுத்தவர்களிடமெல்லாம் சரி சரி என்றேன். எங்கள் வீடுகளில் முடியவில்லை என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவர் சொன்னால் எல்லோரும் சொல்ல வேண்டி வந்துவிடும் என்று பயம்.

"அப்போ போவாதன்றியா?"

"அத்த... சொல்லல." பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "முடிலன்றேன். அவ்ளோதான்."

படி ஏறினேன். ஓமன் போகவில்லை என்று ஏஜென்டிடம் சொன்னேன். காரணம் கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. ஆறு நாள் கடவுளிடம் கேட்டுப் பார்த்ததையும், கீழே அப்பா உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, "டெஸ்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவராண்ட கேட்டுகினு வந்திருக்கக் கூடாதா தம்பி? எனுக்கு ரெண்டு வெல்டிங் ராடு மிச்சமாயிருக்கும்" என்றார்.

கீழே வந்தபோது அப்பா நிமிர்ந்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார். பாஸ்போர்ட் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு வடை என்று விரலைக் காட்டினார்.

வீட்டில் சொன்னபோது அம்மா முதலில் சொன்னது, "அய்யோ, பூசைக்கு எய்தி வச்சிட்டனே." பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலின் ஓரமாகப் படுத்தாள். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே கிடையாது.

நோட்டில் ஆறாம் நாளுக்கு எழுதினேன்: அசதி. காஸ் சிலிண்டரை மூன்று மாடி ஏற்றி இறக்கி வைத்தபிறகு வரும் அசதி. ஓமன் போகாதது வருத்தமாக இருக்கிறது. இருந்துகொண்டே இருக்கும்போலத் தெரிகிறது. கோபம் இல்லை.

ஞாயிறு காலை, பீடத்துக்குப் பின்னால் உடுப்பு மாற்றும் சாக்ரிஸ்தியில் அமல் அதைப் படித்தார். இதுதான் அமைதியா என்று கேட்டேன். பேனாவை எடுத்து கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் ஒரு கோடு போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூசை உடுப்பை மாட்டப் போய்விட்டார்.

அப்பாவின் வீல்சேரைக் கோயிலில் நடுப்பாதை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல் வைத்திருந்தேன். மைக் கொஞ்சம் கீச்சிட்டது. அமல் ரிஜிஸ்டரைத் திறந்தார். இரண்டு இறந்தோர், ஒரு சுகப்பிரசவம். அதற்கு அடுத்து அப்பா அம்மா பெயரில் எங்களுடையது: வெளிநாட்டில் வேலை கிடைத்ததற்கு நன்றியாக, மிக்கேல் லூர்துமேரி குடும்பத்தினர். வாசிக்கும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அம்மா முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டாள். கோயில் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தது. நானும் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

பூசை முடிந்து வெளியே வந்தபோது கை கொடுக்க வரிசையே நின்றது. வாசனை பாட்டில் கேட்டவரும் இருந்தார். ரெஜினாவின் கருவாட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அதற்கு மறுபடி ஏழு மாடி ஏற வேண்டுமே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு விஞ்சில் வேலை செய்த ஒருவர் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகனுக்கு எப்போது ஃப்ளைட் என்று கேட்டார்.

அப்பா வாயைச் சரிப்படுத்திக்கொண்டார். அவசரப்படவில்லை.

"போய்ட்டு..." என்றார். "வந்துட்டான்."